குரலை நம்பி ஏறியவர்கள்

"ஏம்மா, ஊரான் வண்டி கெட்டுப்போகணும்னு சாமிகிட்ட வேண்டிக்கிடுற தொழிலா இது?"

எங்கள் வீட்டு வாசலில் ரெக்கவரி வண்டி முதன்முதலாக வந்து நின்ற அன்று, ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே என் மாமியார் கேட்ட கேள்வி இது. பதில் சொல்லத் தெரியாமல் தட்டை வாங்கி வண்டிக்குச் சுற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் சகோதரிகளிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் 20 வருஷம் லாரி ஓட்டியவர். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர 15 நாள், 20 நாள் ஆகும். முதுகுத் தண்டில் சவ்வு விலகி, "இனிமேல் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு ஆறு மாதம் வீட்டோடு இருந்தார். இரண்டு பிள்ளைகளின் படிப்பு, வயதான அத்தையின் வைத்தியச் செலவு எல்லாம் கண் முன்னால் நின்றன. கடைசியில் தாலியும் ஒரு ஜோடிக் கம்மலும் போக, மற்ற நகையை எல்லாம் அடகு வைத்தேன். மிச்சத்துக்குக் கடன் வாங்கினோம். பின்பக்கத் தட்டு தரை வரை சாய்கிற, விஞ்ச் பொருத்திய பழைய ரெக்கவரி வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. ஓட்டுவது அவர், குனிந்து கொக்கி மாட்டுவது என் தம்பி மகன், போன் எடுப்பதும் கணக்கு எழுதுவதும் நான்.

எங்கள் கோவில்பட்டியை ஒட்டித்தான் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. 2010-ல் எண்களை மாற்றுவதற்கு முன்னால் அது 7-ஆம் எண். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ராத்திரி பகல் இல்லாமல் வண்டிகள் பறந்துகொண்டிருக்கும். இவ்வளவு வண்டி போகிற ரோட்டில் நமக்குத் தொழிலுக்கா பஞ்சம் என்று நினைத்தோம். 1,000 விசிட்டிங் கார்டு அடித்தோம். இரண்டு இடத்தில் போர்டு வைத்தோம். மூன்று மாதத்தில் மொத்தம் 11 பேர்தான் கூப்பிட்டார்கள். வண்டி வேப்ப மரத்தடியில் நிற்க, அதன் மேல் காக்கை எச்சமிட, தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மளிகைக் கடை என்றால் மாதா மாதம் வருகிற வாடிக்கை உண்டு. பால்காரருக்கு தினமும் உண்டு. ஆனால் எங்களைக் கூப்பிடுகிறவர் யார்? சென்னையிலிருந்து திருச்செந்தூருக்குப் போகிறவர், பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறவர். அவருக்கு எங்களைத் தெரியாது. ஒரு தடவை வந்தால் மறுபடி வரவே கூடாது என்றுதான் அவரும் நினைப்பார். அப்படியானால் வண்டி நின்றதும் அவர் யார் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்? பக்கத்தில் இருக்கிற டீக்கடையில் கேட்கிறார். பஞ்சர் கடையில் கேட்கிறார். பெட்ரோல் பங்க் பையனிடம் கேட்கிறார். எங்கள் வாடிக்கைக்காரர் உண்மையில் இவர்கள்தான்!

இதை அவரிடம் சொன்னேன். "இருபது வருஷம் ரோட்டுல கிடந்த எனக்கு இது தோணலையே!" என்றார். மறுநாளே இரண்டு பேரும் கிளம்பினோம். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற மாதிரி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். நள்ளி விலக்கிலிருந்து இடைசெவல் விலக்கு வரை, ரோட்டோரத்தில் விடிய விடிய விளக்கு எரிகிற கடை எது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வெறுங்கையோடு போய் "எங்களுக்கு ஆள் அனுப்புங்க" என்று கேட்டால் யார் அனுப்புவார்கள்? அவர்களுக்கு நம்மால் என்ன ஆகும் என்று பார்த்தேன். டீக்கடை அக்காவுக்கு கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் ஊருக்குள் போய்த் தூக்கி வர ஆள் கிடையாது. எங்கள் வண்டி அந்தப் பக்கம் காலியாகப் போகும்போது இறக்கிக் கொடுத்தோம். பஞ்சர் கடை சேட்டன், "ராத்திரி ஒத்தையில லாரி டயர் கழற்ற முடியல" என்றார். பக்கத்தில் இருந்தால் தம்பி மகன் ஒரு கை பிடித்தான். பேட்டரிக் கடைக்காரருக்கு நாங்களே ஆள் அனுப்பினோம். பேட்டரி இறங்கிப்போன காரைத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை, அவர் போய் வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணினால் போதும். எங்களுக்கு அந்த வாடகை போய்விடும்தான். ஆனால் அடுத்த வாரம் பேட்டரியால் தீராத கோளாறு ஒன்று வந்தபோது அவர் எங்களைத்தான் கூப்பிட்டார்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். தேதி, வண்டி, நின்ற இடம், கொண்டுபோய் விட்ட இடம், வாங்கிய ரூபாய், யார் சொல்லி வந்தது. அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதைப் பார்த்தால்தான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும், யார் கடைப் பக்கம் நாம் வெகு நாளாகப் போகவில்லை என்று தெரியும்.

எங்கள் கரிசல் மண்ணும் ஒரு கூட்டாளியைத் தேடித் தந்தது. இந்த மண் வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கல் மாதிரி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்தால் பசை மாதிரி ஆகிவிடும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. ஒதுங்கி நிற்கிறோம் என்று தாரை விட்டு இறக்கினால் பாதிச் சக்கரம் உள்ளே போய்விடும். வேகமாக மிதிக்க மிதிக்க இன்னும் புதையும். எங்கள் கனத்த வண்டி தாரை விட்டு இறங்கினால் அதுவும் புதையும். ரோட்டில் நின்றபடி விஞ்சைப் போட்டு வெறி பிடித்த மாதிரி இழுத்தால் காரின் பம்பர்தான் கையோடு வரும். முதல் மழைக்காலத்தில் இரண்டு தடவை இப்படித் திண்டாடினோம்.

அப்போதுதான் கிராமத்து டிராக்டர்காரர்களைத் தேடிப் போனோம். சக்கரத்தைச் சுற்றி மண்ணைத் தோண்டி, பருத்திமாரைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து அடியில் திணித்து, டிராக்டரால் மெதுவாக அசைத்து எடுக்கிற பக்குவத்தை அவர்கள்தான் கற்றுக் கொடுத்தார்கள். உழவு நேரத்தில் டிராக்டர் கிடைக்காது என்பதால் ஊருக்கு மூன்று பேர் நம்பர் வைத்திருக்கிறேன். கூலியை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவோம். "நாளைக்குத் தாரேன்" என்றால் அடுத்த மழைக்கு அந்த டிராக்டர் வராது!

இந்த மாதிரி வண்டியை முதலில் செய்தவர் அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்துச் சட்டனூகா ஊரில் பட்டறை வைத்திருந்த எர்னஸ்ட் ஹோம்ஸ் என்று என் மகன் படித்துச் சொன்னான். ஓடைக்குள் கவிழ்ந்த சிநேகிதர் காரை ஆட்களும் கயிறும் கப்பியும் வைத்து மணிக்கணக்கில் பாடுபட்டு மேலே ஏற்றினாராம். அதற்குப் பிறகு 1916-ல் ஒரு பழைய கடிலாக் கார் மேல் கம்பமும் சங்கிலியும் கப்பியும் பொருத்தி இழுவை வண்டி செய்தாராம். "அவருக்கும் முதல்ல வேண்டியிருந்தது கூட நின்னு கயிறு பிடிக்கிற ஆளுதானே அம்மா" என்றான். பிள்ளை சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷத்தில் மாதம் 20 அழைப்பு வரை வந்தது. அப்போதுதான் நான் ஒரு தப்புச் செய்தேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை எழுதியே பிரயோஜனம் இல்லை.

ஒரு ஒர்க்ஷாப்காரர் வந்தார். "எங்கிட்ட கேட்கிறவங்களை எல்லாம் உங்களுக்கே தள்ளிவிடுதேன். ஒரு வண்டிக்கு எனக்கு 1,000 ரூபாய் கொடுத்துடுங்க. வண்டியை எங்க பட்டறைக்கே கொண்டாந்துடணும்" என்றார். அவர் யோசித்தார். நான்தான், "தவணைக்கு ஆகுமே" என்று ஒத்துக்கொண்டேன். அந்த 1,000 ரூபாயை எங்கள் கையிலிருந்தா கொடுக்க முடியும்? வாடகையில் ஏற்றினோம். 3,000 வாங்க வேண்டிய இடத்தில் 4,000, ராத்திரி என்றால் இன்னும் கொஞ்சம். செய்தி பரவி இன்னும் இரண்டு பேர் கமிஷன் கேட்டார்கள். அவர்களுக்கும் கொடுத்தோம். நோட்டில் எண்ணிக்கை கூடியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு மார்கழி ராத்திரி ஒரு மணி இருக்கும். போனில் ஒரு பெண் குரல். பின்னால் பச்சைக் குழந்தை அழுகிற சத்தம். பிள்ளை பெற்று, தாய் வீட்டிலிருந்து புருஷன் வீட்டுக்குப் போகிற வழியில் கார் நின்றுவிட்டது. கூட வந்த தகப்பனாருக்கு வயது எழுபது. "யாருன்னே தெரியாத வண்டியில எப்படி ஏறுறதுன்னு பயமா இருக்குக்கா" என்றாள். "பயப்படாதம்மா, வருகிறவர் என் வீட்டுக்காரர். நான் போனை வைக்காம பேசிக்கிட்டே இருக்கேன்" என்றேன். அப்படியே அரை மணி நேரம் பேசினேன். பத்திரமாக ஏற்றி 14 கிலோமீட்டர் கொண்டுவந்து, வழக்கம்போல அந்தப் பட்டறையில் விட்டார்கள். வாடகை 4,800 ரூபாய். "கொஞ்சம் குறைச்சுக்கோங்கக்கா" என்று கேட்டாள். "எல்லாருக்கும் இதே ரேட்தாம்மா" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். ஒரு ரப்பர் குழாய் மாற்ற வேண்டிய இடத்தில் என்னென்னவோ சாமான் போட்டு 11,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ஊருக்குப் போய்த் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டியபோதுதான் தெரிந்ததாம். அவள் திட்டவில்லை. "உங்க குரலை நம்பித்தானேக்கா ஏறினோம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமியார் கேட்ட கேள்வி திரும்பவும் காதில் விழுந்தது. ஊரான் வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டவில்லைதான். ஆனால் கெட்டு நிற்கிறவன் மடியில் கை வைக்க ஒத்துக்கொண்டேனே! அது மட்டும் என்ன உசத்தி?

நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசினோம். முதலில் அந்தப் பெண்ணுக்கு நாங்கள் கூடுதலாக வாங்கிய 1,800 ரூபாயை அனுப்பிவைத்தோம். பட்டறைக்காரர் வாங்கியதை எங்களால் மீட்க முடியவில்லை. கமிஷனை அன்றோடு நிறுத்தினோம். அந்த மூன்று பேரும் எங்களை விட்டுவிட்டார்கள். அடுத்த இரண்டு மாதம் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. ஒரு தவணை தவறிப்போய், கேட்டு வந்தவர்கள் வாசலில் நின்று பேசியது தெருவுக்கே கேட்டது. அடகில் இருந்த வளையல் ஏலத்துக்குப் போய்விட்டது. என் அம்மா போட்ட வளையல் அது.

அப்போது எழுதி ஒட்டியதுதான் இன்று வரை எங்கள் வண்டிக் கதவில் இருக்கிறது. முதல் 10 கிலோமீட்டருக்கு இவ்வளவு, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு இவ்வளவு, புதைந்திருந்தால் டிராக்டர் கூலி தனி. வண்டி கிளம்புவதற்கு முன்பே போனில் மொத்தத்தைச் சொல்லிவிடுவேன். எந்தப் பட்டறை என்பதை வண்டிக்காரரே சொல்ல வேண்டும். தெரியாது என்றால் மூன்று பெயர் சொல்வோம். ஆள் சொல்லி அனுப்புகிறவர்களுக்குக் கை நிறையப் பணம் கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டீக்கடைக்காரர் முதல் பட்டறை முதலாளி வரை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு பை. அதில் எங்கள் ஊர்க் கடலை மிட்டாயும் இருக்கும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமை உள்ள பண்டமாயிற்றே!

போட்டிக்காரர்களிடமும் போனோம். கயத்தாறுப் பக்கம் ஒருவர் இதே தொழில் செய்கிறார். முன்பெல்லாம் ஒரே காருக்கு இரண்டு வண்டியும் போய்ச் சண்டை போட்டதுண்டு. "தெற்கே உங்களுக்குக் கிட்ட இருந்தா நீங்க போங்க அண்ணாச்சி, வடக்கே எங்களுக்குச் சொல்லுங்க" என்று பேசி முடித்தோம். கனத்த லாரி கவிழ்ந்தால் எங்களால் ஆகாது. சாத்தூரில் பெரிய கிரேன் வைத்திருப்பவருக்குச் சொல்லிவிடுவோம். அவருக்கு வருகிற சின்னக் கார்களை எங்களுக்குத் தள்ளுவார். வேலையை விட்டுக் கொடுத்தால் வேலை வரும் என்பதை நான் படிப்பில் படிக்கவில்லை, இதில்தான் படித்தேன். கார் இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக வேலை செய்யும் கம்பெனிகளும் கூப்பிடுகின்றன. ஆனால் டீசலுக்கு இன்று காசு வேண்டும், அவர்கள் பணம் ஒன்றரை மாதம் கழித்து வரும். அதனால் பாதிக்கு மேல் அந்த வேலையை எடுப்பதில்லை.

டீக்கடை அக்காவுக்கு ஒரு பயம் இருந்தது. "அடிபட்டுக் கிடந்தாத் தூக்குனா, போலீஸ் கோர்ட்டுன்னு அலைய விடுவாங்களே தாயி" என்பார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தத்தில், நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர்களைப் பாதுகாக்க 134-ஏ என்றே ஒரு பிரிவு இருக்கிறது. பெயர், விலாசம் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று என் மகளைக் கொண்டு படித்துக் காட்டச் சொன்னேன். அடிபட்டவர் இருந்தால் முதல் போன் 108-க்கு, அப்புறம்தான் எங்களுக்கு என்று அந்த ரோட்டில் உள்ள கடைக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

கைக்குழந்தையோடு காரில் போகிற சகோதரிகளுக்கு, பார்த்துப் பழகிய நாலு விஷயம் சொல்கிறேன். வண்டி நின்றால் இடது ஓரம் ஒதுக்கி, நாலு விளக்கும் மினுங்கும்படி போடுங்கள். சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். காருக்குள் உட்கார்ந்திருக்காமல் குழந்தையோடு இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளிப் போய் நில்லுங்கள். பின்னால் வருகிற லாரி தூக்கக் கலக்கத்தில் வந்து மோதுவதை என் வீட்டுக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். வெயிலில் மூடிய காருக்குள் 10 நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி சூடு ஏறிவிடும். தூங்குகிறதே என்று பிள்ளையை உள்ளே விடாதீர்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்குக் காசில்லாமல் பேசலாம். எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டால், கிளம்பும் முன்பே மொத்த வாடகை எவ்வளவு என்று கேட்டு, வருகிற வண்டியின் நம்பரை வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால், சக்கரம் தரையில் உருள இழுக்காமல் தட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிய காருக்குள் ஒருவரும் உட்காரக் கூடாது. பட்டறையில் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்தக் கடைசி விஷயத்தை அன்றே அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

மெல்ல மெல்லத் தொழில் திரும்பியது. இப்போது நோட்டில் பார்த்தால் 10 அழைப்பில் 7, யாரோ ஒருவர் வாய்ச்சொல்லில் வருவதுதான். போன வருஷம் சங்கிலியை மீட்டேன். வளையல் போனது போனதுதான்.

சென்ற ஆடி மாதம் ஒரு கார் நின்று கூப்பிட்டார்கள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று நோட்டுக்காகக் கேட்டேன். "பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதிக் கொடுத்துச்சு. தெக்க போறீங்கன்னா இதை வெச்சுக்கோங்க, ராத்திரி ஒரு மணிக்கும் அந்த அக்கா எடுப்பாங்கன்னு சொல்லுச்சு" என்றார் ஒரு பெரியவர். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு தடவையோடு போய்விடுகிறவர்கள் என்று நான் நினைத்தவர்களும் நாலு பேரிடம் சொல்லத்தான் செய்கிறார்கள். அன்று நோட்டின் கடைசிக் கட்டத்தில் பெயர் எழுதவில்லை. "மார்கழி, பச்சைப் பிள்ளைக்காரி" என்று எழுதிவைத்தேன்.

அத்தைக்கு இப்போது 80 வயது தாண்டிவிட்டது. சாயங்காலம் விளக்கேற்றும்போது முணுமுணுவென்று ஏதோ வேண்டிக்கொள்வார். ஒரு நாள் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். "ராத்திரியில ஒருத்தரும் வழியில நிக்கக் கூடாது தாயே. அப்படி நின்னா, எங்க வீட்டு நம்பர் அவங்களுக்குக் கிடைக்கணும்."

நான் ஐந்து வருஷமாகத் தேடிய பதிலை அவரே சொல்லிவிட்டார்.